ஆள் தேடும் முன் ஒரு லெவலாவது ஓட வேண்டும்

மாதத்துக்கு ஒன்றாவது இப்படி மெசேஜ் வந்துவிடுகிறது. "அண்ணா, செம்ம ஐடியா ஒண்ணு இருக்கு, ஓப்பன் வேர்ல்டு, சோழர் காலம், கதை முழுசா மனசுல ரெடி. ஒரு டெவலப்பர், ஒரு ஆர்ட்டிஸ்ட், ஒரு அனிமேட்டர், மியூசிக்குக்கு ஒருத்தர் கிடைச்சா போதும். இப்ப சம்பளம் கிடையாது, கேம் ஹிட்டானா பங்கு தந்துடலாம்." அனுப்புகிற தம்பிகள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, அந்த வயசுக்கு அந்த ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. இங்கே எழுதி வைத்துவிடுகிறேன், இனி கேட்கிறவர்களுக்கு இதையே அனுப்பிக்கொள்ளலாம்.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்டால், பெரிய ஆள் எல்லாம் இல்லை. வேலை முடிந்த பிறகும் சனி ஞாயிறிலும் கேம் செய்கிற ஒரு சின்னக் குழுவை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். யாருக்கும் சம்பளம் இல்லை, எனக்கும் இல்லை. எங்கள் விளையாட்டு ஒரு கண்மாயைப் பற்றியது. நீங்கள்தான் ஊரின் நீர்பாய்ச்சி. மழை பெய்தால் வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வந்து சேரும், எந்த மடையை எப்போது எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்று நீங்கள் முடிவெடுக்க வேண்டும், கடைமடை வயல்காரர் வந்து சண்டை போடுவார், தை வரைக்கும் தண்ணீர் தாங்காவிட்டால் பயிர் கருகும், ஊர் உங்களைத்தான் திட்டும். மேலேயிருந்து பார்க்கிற மாதிரியான 2டி விளையாட்டு, கோடோ எஞ்சின் என்கிற, விளையாட்டு செய்ய உதவும் இலவச மென்பொருளில் செய்கிறோம்.

ஆள் சேர்ப்பது பற்றி நான் சொல்வது ஒன்றுதான். ஆடிப் பார்க்கிற மாதிரி ஒரு லெவல் கையில் இல்லாமல் ஆள் தேடக் கிளம்பாதீர்கள். உலையே வைக்காமல் இலை விரித்துப் பந்திக்குக் கூப்பிட்டால் யார் வந்து உட்காருவார்கள், உட்கார்ந்தாலும் எத்தனை நேரம் தாங்குவார்கள்?

எல்லோரும் உதாரணம் காட்டுகிற கவுன்ட்டர் ஸ்டிரைக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். "அவங்களும் சும்மா ஃப்ரீயா ஆரம்பிச்சவங்கதானே" என்பார்கள். வாஸ்தவம்தான். ஹாஃப்-லைஃப் விளையாட்டுக்கு ஒரு மாட் என்று (மாடு இல்லை, மாட், இருக்கிற விளையாட்டை மாற்றி வேறொன்றாக்குவது) மின் லீ, ஜெஸ் கிளிஃப் இருவரும் பொழுதுபோக்காகத் தொடங்கியது அது. ஆனால் அவர்கள் பெரிய டீமைச் சேர்த்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கவில்லை. 1999 ஜூனில் முதல் பீட்டாவை, அதாவது சோதனைப் பதிப்பை, வெளியே விட்டார்கள். துப்பாக்கி சுட்டது, ஆட முடிந்தது. அதை ஆடியவர்கள்தான் அடுத்தடுத்து மேப், அதாவது ஆடுகளங்கள், செய்து அனுப்பினார்கள். உலகம் முழுக்க ஆடித் தீர்த்த அந்த டஸ்ட் மேப்பைச் செய்த டேவ் ஜான்ஸ்டன் அப்போது பதின்ம வயதுப் பையன். 2000-ல் ஹாஃப்-லைஃபைச் செய்த வால்வ் நிறுவனம் அந்த மாட்டின் உரிமையை வாங்கி இருவரையும் வேலைக்கும் எடுத்துக்கொண்டது. மேப் செய்த ஆட்களும் சரி, நிறுவனமும் சரி, எல்லாம் பீட்டாவுக்குப் பின்னால் வந்தவை. முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் கனவு காண்கிறோம், அதுதான் சிக்கல்.

எனக்கு இதைவிடப் பிடித்த உதாரணம் பேட்டில் ஃபார் வெஸ்னோத். அறுகோணக் கட்டங்களில் படைகளை நகர்த்தி ஆடும் விளையாட்டு, இலவசம், ஓப்பன் சோர்ஸ். டேவிட் ஒயிட் என்பவர் தனியாளாக எழுதி 2003-ல் வெளியிட்டார், பழைய சேகா விளையாட்டுகளான மாஸ்டர் ஆஃப் மான்ஸ்டர்ஸ், வார்சாங் இரண்டும் கொடுத்த ஆசை. ஆரம்பத்தில் படங்கள் ரொம்பச் சுமார். ஆனால் ஆட முடிந்தது. வரையத் தெரிந்தவர்கள் ஆடிப் பார்த்துவிட்டு, இதை நான் இன்னும் நன்றாக வரைந்து தருகிறேன் என்று வந்தார்கள். நிறையப் பேர் தங்கள் டெமோவின் படங்கள் அசிங்கமாக இருக்கின்றன என்று வெளியே காட்டவே கூச்சப்படுகிறார்கள். ஓடுகிற விளையாட்டில் இருக்கும் அசிங்கமான படம் ஒரு ஓவியரை விரட்டாது, கையைத்தான் துறுதுறுக்க வைக்கும். ஒன்றுமே ஓடாத இடத்தில் அழகான போஸ்டர் இருந்தாலும் அவருக்குச் செய்ய என்ன இருக்கிறது?

வெஸ்னோத்காரர்கள் இன்னொன்றும் செய்தார்கள். படைவீரர்களின் பலம், லெவலின் அமைப்பு, கதை, வசனம் எல்லாவற்றையும் நிரலுக்கு வெளியே, சாதாரண உரைக் கோப்புகளில் எழுதுகிற மாதிரி எளிமையான குறிமொழி ஒன்றை வைத்தார்கள். விளையாட்டு எழுதப்பட்ட சி பிளஸ் பிளஸ் மொழி தெரியாதவரும் ஒரு போர்க்களத்தைச் செய்து, விளையாட்டுக்குள்ளிருந்தே மற்றவர்கள் இறக்கிக்கொள்ளும்படி பதிவேற்றலாம். அப்படி வெளியாட்கள் செய்ததில் நன்றாக வந்தவை பிற்பாடு விளையாட்டோடு சேர்ந்தே வரத் தொடங்கின. புதிதாக வருகிறவர் உள்ளே நுழையச் சுலபமாக இருக்க வேண்டும் என்பதை அந்தக் குழு ஆரம்பம் முதலே மனதில் வைத்துக் கட்டியிருக்கிறது. ஆள் சேர்ப்பு என்றால் விளம்பரம் போடுவது என்றே நினைக்கிறோம், பாதி ஆள் சேர்ப்பு நிரலை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறோம் என்பதிலேயே முடிந்துவிடுகிறது. நாங்கள் இதை வெட்கமில்லாமல் காப்பியடித்தோம். மழையின் அளவு, மடையின் அகலம், எந்த வயலுக்கு எத்தனை நாள் தண்ணீர், ஊர்க்காரர் பேசுகிற வசனம் எல்லாம் ஒரு விரிதாளில் இருக்கின்றன. எக்செல் தெரிந்தவர் எங்கள் விளையாட்டை மாற்றலாம்.

"எனக்கு கோடிங் தெரியாதே அண்ணா" என்று அடுத்த கேள்வி வரும். சரி, கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் பதில். ஐடியா மட்டும் கொண்டுவருகிறவருக்கு ஒரு ஹாபி குழுவில் இடம் இல்லை, ஏனென்றால் சேர வருகிற ஒவ்வொருவரிடமும் சொந்தமாக ஒரு செம்ம ஐடியா இருக்கிறது, அதை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் உங்களுடையதற்கு வருகிறார். நிரல், படம், ஒலி, சோதனை, எதையாவது ஒன்றை உங்கள் கையால் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். படம் வரையத் தெரியாவிட்டால் முதல் லெவலுக்கு வரைய வேண்டாம், கென்னி என்ற பெயரில் வருகிற படத் தொகுப்புகள் யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற சிசி0 உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஓப்பன் கேம் ஆர்ட் தளத்தில் கொட்டிக் கிடக்கிறது. எங்கள் முதல் லெவலில் அதுகூட இல்லை. தண்ணீர் ஒரு நீலச் சதுரம், வயல் ஒரு பச்சைச் சதுரம், நீர்பாய்ச்சி ஒரு வட்டம். நீலம் நகர்ந்து போய்ப் பச்சையைத் தொட்டால் வயல் பிழைத்தது. அதை வைத்துத்தான் முதல் ஆட்கள் வந்தார்கள்.

எங்கே தேடுவது என்றால், கேம் ஜாம்களில் தேடுங்கள். லுடம் டேர் 2002-லிருந்து நடக்கிறது, குளோபல் கேம் ஜாம் 2009-லிருந்து, சின்ன விளையாட்டுகளை வெளியிடுகிற இட்ச் தளத்தில் எப்போது பார்த்தாலும் ஏதாவது ஒன்று நடந்துகொண்டிருக்கும். தலைப்பு கொடுத்து இரண்டு மூன்று நாளில் ஒரு விளையாட்டை முடிக்கச் சொல்வார்கள். இரண்டாம் நாள் ராத்திரி எல்லாம் உடைந்து கிடக்கும்போது யார் காணாமல் போகிறார், யார் "இந்தப் பகுதியை வெட்டிடலாம், மிச்சத்தை முடிச்சிடலாம்" என்கிறார் என்று அங்கே கண்ணெதிரே தெரியும். இப்போது எங்கள் நிரலைப் பாதி தாங்குகிற பெண் அப்படி ஒரு ஜாமில் எதிர் அணியில் இருந்தவர். ரெசுமே வாங்கிப் பார்த்தெல்லாம் இது தெரியாது.

சரி, அறிவிப்பில் என்ன எழுதுவது? "2டி அனிமேட்டர் தேவை, ஆர்வமுள்ளவர்கள் தொடர்புகொள்ளவும்" என்று போட்டால் ஒன்றும் நடக்காது, அல்லது பத்து பேர் "இன்ட்ரஸ்டட்" என்று எழுதிவிட்டுப் போவார்கள். பகலெல்லாம் ஒரு ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஃபிரேம் ஃபிரேமாக வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறவருக்கு 'அனிமேட்டர்' என்ற பட்டம் எதற்கு? எத்தனை நாள், எவ்வளவு வேலை, எப்போது முடியும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். எங்கள் அறிவிப்பு ஒன்றை அப்படியே போடுகிறேன்:

"கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியாகத் தண்ணீர் வெளியேற வேண்டும். இப்போது அங்கே நீல நிறம் சட்டென்று வந்து நிற்கிறது. அதற்குப் பதிலாக வழிந்து விழுகிற தண்ணீர் வேண்டும். அகலம் 96 பிக்சல், உயரம் 64, மொத்தம் 6 ஃபிரேம், முடிந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கினால் வெட்டுத் தெரியக் கூடாது. நிறங்களின் பட்டியல் இணைப்பில் இருக்கிறது. கிரீட்டா, ஏஸ்ப்ரைட், எதில் செய்தாலும் சரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைக்கிறோம். பணம் கிடையாது, விளையாட்டுக்குள் உங்கள் பெயர் வரும், படம் சிசி பை-எஸ்ஏ உரிமத்தில் (பெயர் போட்டு, இதே உரிமத்தில் யாரும் பயன்படுத்தலாம்) வெளியாகும். டெமோவை முதலில் ஆடிப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்."

இதற்கு ஆள் வந்தார். அந்த ஞாயிறோடு நன்றி சொல்லி அனுப்பவும் நாங்கள் தயாராகத்தான் இருந்தோம். அவரோ அடுத்த வாரம் தானாகவே, கலுங்குக்குக் கீழே நுரை வேண்டாமா என்று கேட்டார். சின்ன வேலையை முடித்த ஒருவரை இன்னொரு சின்ன வேலை செய்ய வைப்பது சுலபம், பெரிய வேலையை ஒப்புக்கொண்டவரை அதைத் தொடங்க வைப்பதுதான் பாடு.

டாம்ரியல் ரீபில்ட் என்று ஒரு குழு இருக்கிறது. 2002-ல் வந்த மாரோவிண்ட் விளையாட்டு ஒரு தீவோடு நின்றுவிட்டது, அதைச் சுற்றியுள்ள பெருநிலத்தைத் தன்னார்வலர்களே இருபது ஆண்டுக்கும் மேலாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே போய் நான் பெரிய நகரத்தைக் கட்டுகிறேன் என்றால் விடமாட்டார்கள். முதலில் ஒரு வீட்டின் உள்ளறையைச் செய்து காட்ட வேண்டும். மேசை, பானை, விளக்கு, படுக்கை, அதெல்லாம் காற்றில் மிதக்காமல் தரையில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு வேலையைத் துண்டு துண்டாகத்தான் எடுத்துக்கொள்ள முடியும், ஒருவர் பாதியில் போய்விட்டால் அந்தத் துண்டை வேறொருவர் எடுத்துக்கொள்வார். இத்தனை வருஷம் ஒரு சம்பளமில்லாத வேலை நிற்காமல் ஓடுகிறது என்றால் இந்தச் சலிப்பான ஏற்பாட்டுக்கு அதில் பெரிய பங்கு இருக்கிறது.

யார் யார் வருவார்கள் என்பதும் முன்கூட்டியே தெரிந்தால் நல்லது. இசையமைப்பாளர்கள் வரிசையில் நிற்பார்கள். கதை எழுதுகிறவர்களும் அப்படித்தான். நிரலாளர்கள் வருவார்கள், போவார்கள். ஓவியர்கள் குறைவு, அனிமேஷன் தெரிந்தவர் அதைவிடக் குறைவு, பொத்தான், மெனு, எழுத்தளவு என்று திரையை ஒழுங்குபடுத்தித் தருகிற யுஐ ஆள் கடவுளைப் போல, இருக்கிறார் என்கிறார்கள், நான் பார்த்ததில்லை. காரணம் எளிது. பாட்டை ஒருவர் தன் அறையில் உட்கார்ந்து யாரையும் கேட்காமல் முடித்துவிடலாம், விளையாட்டு வெளிவராவிட்டாலும் பாட்டு அவரிடம் இருக்கும். யுஐ வேலையோ கெட்டுப்போனால் மட்டும்தான் வெளியே தெரியும்.

எழுத வருகிறவர்களை எல்லோரும் கழித்துக்கட்டிவிடுகிறார்கள், அது தப்பு. அவர்களிடம் கதை கேட்காதீர்கள், வரி கேளுங்கள். எங்களிடம் வந்த ஒரு அக்காவிடம், கடைமடைக்காரர் கோபமாகக் கேட்க வேண்டும், பெட்டிக்குள் இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது என்று மட்டும் சொன்னோம். "தலைமடைக்குத் தண்ணி, கடைமடைக்கு வாக்குறுதியா?" என்று எழுதி அனுப்பினார். அதற்குப் பிறகு ஊர்க்காரர்களின் வாய் முழுக்க அவர் பொறுப்புதான். ஒரு சிறு எச்சரிக்கை, எழுத்தாளர்கள் அனுப்புகிற கோப்பு சில நேரம் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும், யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒருமுறை முழுசாகப் படித்துப் பாருங்கள், சில எழுத்துகள் இடம் மாறியிருக்கும்.

தமிழ் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதனாலேயே ஆட்கள் மனம் வெறுத்து ஓடியிருக்கிறார்கள். பல எஞ்சின்களில் தமிழ் எழுத்து உடையும். 'கெ' என்று எழுதினால் க முன்னாலும் கொம்பு பின்னாலும் வந்து நிற்கும். கோடோவின் 3-ஆம் பதிப்பிலும் அப்படித்தான். 2023 மார்ச்சில் வந்த 4.0-இல்தான் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வசதி உள்ளேயே வந்தது. எழுத்துருவுக்குப் பஞ்சம் இல்லை, நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரன், மீரா இனிமை எல்லாம் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன, விளையாட்டோடு சேர்த்தே கொடுக்கலாம். தமிழ் விளையாட்டுக்கு ஆள் கூப்பிடுகிறீர்கள் என்றால் டெமோவில் ஒரு தமிழ் வரியாவது ஒழுங்காகத் தெரிய வேண்டும். கொம்பு உடைந்த டெமோவைப் பார்த்து எந்தத் தமிழ் எழுத்தாளர் வருவார்?

நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தவர் ஒருவர் உண்டு. குழுவில் இருக்கும் பையனின் சொந்தக்காரர், பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், கேம் என்றால் பேரன் போனில் ஆடுவது என்ற அளவில்தான் பழக்கம். பையன் டெமோவைக் காட்டியிருக்கிறான். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, உங்க கலுங்குல கல்லு எங்க?" என்று எனக்கு போன் செய்தார். எனக்குப் புரியவில்லை. "என்ன கல்லு சார்?" "கலுங்கு மேல வரிசையா கல்லு நட்டிருப்பாங்க. ஊர்ல தண்ணி வேணும்னா கல்லுக்கு நடுவுல மண்ணையும் பலகையையும் வெச்சு அடைப்பான், கொஞ்சம் மட்டம் ஏறும். வெள்ளம் வந்தா பிடுங்கி விடணும். அதுலதானப்பா சண்டையே." அந்த ஒரு போன்காலில் எங்களுக்கு ஒரு புது விளையாட்டு முறை கிடைத்தது. அடைத்தால் கூடுதல் தண்ணீர், ஆனால் ராத்திரி மழை வந்து நீங்கள் பலகையைப் பிடுங்கத் தவறினால் கரை உடையும். இன்றைக்கு ஆடுகிறவர்கள் அதிகம் பேசுவது அந்தப் பலகையைப் பற்றித்தான். அவருக்குக் கோடோ என்றால் என்னவென்று தெரியாது, ஆனால் விளையாட்டில் வடிவமைப்பு என்ற தலைப்பின் கீழ் அவர் பெயர் வருகிறது. கேம் டெவலப்பர் குழுக்களில் மட்டும் தேடியிருந்தால் இவர் கிடைத்திருக்கவே மாட்டார். உங்கள் விளையாட்டு ரயிலைப் பற்றியது என்றால் ரயில் ஓட்டியவரிடம் காட்டுங்கள், சிலம்பம் என்றால் ஆசானிடம்.

அப்புறம் பணம். இதில்தான் எல்லோரும் மென்று முழுங்குகிறார்கள். ரெடிட்டில் டீம் தேடுகிற இடங்களில் ஹாபியா, பங்குப் பணமா, சம்பளமா என்று முதலிலேயே குறிக்கும் வழக்கம் உண்டு, நல்ல வழக்கம். எனக்கு இந்த "ஹிட்டானால் பங்கு" என்பது அறவே பிடிக்காது. யாருக்கு எத்தனை சதவீதம், பாதியில் போனவருக்கு எவ்வளவு, ஒரு பாட்டு தந்தவரும் வருஷக்கணக்காக நிரல் எழுதியவரும் எப்படிப் பிரித்துக்கொள்வார்கள் என்று யாரும் எழுதி வைப்பதில்லை, பெரும்பாலும் பிரிக்க ஒன்றும் வருவதும் இல்லை. பணம் இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிட்டால் வருகிறவர் கணக்குப் போட்டுக்கொண்டு வருவார்.

பணத்தைவிட உரிமை முக்கியம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ஐப் பற்றி ஹாபிக்காரர்கள் யாரும் யோசிப்பதே இல்லை. தன்னார்வலர் வரைந்த படம் அவருடையது, உங்கள் விளையாட்டில் சேர்ந்துவிட்டதாலேயே உங்களுடையது ஆகிவிடாது. உரிமையை மாற்றித் தருவதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அப்படி எழுதிக்கொண்டாலும், எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், எந்த எல்லைக்குள் என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாட்ஸ்அப்பில் "யூஸ் பண்ணிக்கோங்க ப்ரோ" என்று வந்ததை நம்பிக்கொண்டு உலகம் முழுக்க வெளியிட்டுவிட்டு, நாளைக்கு அவருக்கும் உங்களுக்கும் மனஸ்தாபம் வந்தால் என்ன செய்வீர்கள்? நாங்கள் உரிமையை வாங்குவதே இல்லை. நிரல் ஜிபிஎல் (யாரும் எடுத்து மாற்றலாம், மாற்றி வெளியிட்டால் நிரலைத் திறந்தே தர வேண்டும் என்கிற உரிமம்), படமும் ஒலியும் சிசி பை-எஸ்ஏ என்று முதல் நாளே சொல்லி, ஒவ்வொருவரும் அனுப்பும்போதே அதை எழுதித் தருகிறார்கள். வெஸ்னோத், 0 ஏ.டி. என்கிற வரலாற்றுப் போர் விளையாட்டு எல்லாம் இந்த மாதிரிப் பொது உரிமங்களில்தான் வளர்ந்தன. இதில் ஒரு லாபம் உண்டு, குழு உடைந்தாலும் யாரும் வேலையைப் பூட்டி எடுத்துக்கொண்டு போக முடியாது, நான் உட்பட. வர்த்தகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் என்கிற என்சி உரிமத்தில் உள்ள படங்களை மட்டும் தெரியாமல் கலந்துவிடாதீர்கள், பிறகு பிரித்தெடுப்பது பெரிய பாடு.

வேலைக்குப் போகிறவர்கள் சேர வந்தால் அவர்களுடைய வேலை ஒப்பந்தத்தை ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். அலுவலக நேரத்துக்கு வெளியே செய்வதும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று எழுதி வைத்திருக்கிற ஒப்பந்தங்கள் உண்டு, மென்பொருள் கம்பெனிகளிலும் உண்டு, கேம் ஸ்டூடியோக்களிலும் உண்டு. கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும், கேட்டுவிடுங்கள். கல்லூரிப் பிள்ளைகளிடம் வேறு கேள்வி, செமஸ்டர் எப்போது? ஏப்ரலிலும் நவம்பரிலும் அவர்களிடம் ஒன்றும் எதிர்பார்க்காமல் திட்டம் போட்டால் இரண்டு பக்கமும் நிம்மதி.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். வாட்ஸ்அப் குழுவில் விளையாட்டு செய்யாதீர்கள், காலை வணக்கத்துக்கு நடுவே கோப்பு காணாமல் போகும், படத்தை அதுவே அமுக்கி வேறு அனுப்பும். கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கிற கிட் வைத்துக்கொள்ளுங்கள், ஓவியர்களுக்கு கிட் கற்றுத்தர முயன்று அவர்களை இழக்காதீர்கள், ஒரு டிரைவ் ஃபோல்டரில் போடச் சொல்லிவிட்டு யாராவது ஒருவர் அதை கிட்டில் ஏற்றட்டும். 100 எம்பிக்கு மேல் போகிற கோப்பை கிட் கோப்புகளை இணையத்தில் வைக்கிற கிட்ஹப் ஏற்காது, அதற்குப் பெரிய கோப்புகளுக்கான எல்எஃப்எஸ் என்ற இணைப்பு வேண்டும். குரல் கொடுக்க வருகிறவர்களிடம் ஃபேனை நிறுத்தச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நிறுத்த மாட்டார்கள், மே மாதத்தில் சொன்னாலும் நிறுத்த மாட்டார்கள்.

ஆட்கள் போவார்கள். கல்யாணம், குழந்தை, புது வேலை, அல்லது சும்மா அலுத்துப்போவது. சொல்லாமல்தான் போவார்கள், ஏனென்றால் சம்பளம் வாங்காத வேலையை ராஜினாமா செய்ய யாருக்கும் வழி தெரியவில்லை. இதை மனவருத்தமாக எடுத்துக்கொள்கிற தலைவர்கள் குழுவைக் கெடுக்கிறார்கள், "கமிட்மென்ட் இல்ல" என்று பொதுவில் புலம்பினால் இருப்பவரும் பயந்து ஒதுங்குவார். 0 ஏ.டி.யைப் பாருங்கள், 2000களின் தொடக்கத்தில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு ஒரு மாட் என்று யோசித்துப் பிறகு தனி விளையாட்டாக மாறியது, பல ஆண்டு மூடிய குழுவாக இருந்து 2009 ஜூலையில் நிரலைத் திறந்துவிட்டார்கள், அடுத்த ஆண்டு முதல் ஆல்ஃபா, அதாவது முற்றுப்பெறாத சோதனைப் பதிப்பு, வந்தது. அதற்கு ஆர்கோனாட் என்று பெயர், அடுத்தது பெல்லெரோஃபோன், அப்படி ஆங்கில அகர வரிசையில் போனது. இத்தனை ஆண்டில் அங்கே ஆட்கள் மாறிக்கொண்டே இருந்திருக்கிறார்கள், விளையாட்டு நிற்கவில்லை. பிளாக் மீசா குழு ஹாஃப்-லைஃபைப் புதிதாகச் செய்கிறோம் என்று கிளம்பி, 2012-ல் கடைசிப் பகுதியான ஜென் இல்லாமலே வெளியிட்டது. ஜென்னோடு சேர்த்து முழுசாக வந்தது 2020-ல். எல்லாம் முடியட்டும் என்று காத்திருந்தால் நடுவில் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்று தெரியாது. அவ்வப்போது வெளியே விடுவது ஆடுகிறவர்களுக்காக மட்டும் இல்லை, உள்ளே இருப்பவர்களுக்குத் தாங்கள் செய்தது ஓடுகிறது என்று காட்டவும்தான். நாங்கள் ஒவ்வொரு வெளியீட்டிலும் போனவர்களின் பெயரையும் வைத்தே விடுகிறோம். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்களும் உண்டு.

இன்னொரு சங்கடம், வருகிற வேலை நன்றாக இல்லை என்றால். இலவசமாகச் செய்து தந்தவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கி அதை விளையாட்டில் சேர்த்துவிடாதீர்கள். அன்றைக்கே, தனியாக, காரணத்தோடு சொல்லிவிடுங்கள், "அக்கா, கூரையோட நிழல் இடது பக்கம் விழுது, மத்த வீட்டுக்கெல்லாம் வலது பக்கம்" என்ற அளவுக்குத் துல்லியமாக. சின்ன வேலையாகக் கொடுப்பதில் இதுவும் ஒரு சௌகரியம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையைத் திருத்தச் சொன்னால் யாருக்கும் மனம் உடையாது.

இப்போது எங்களுக்கு என்ன தேவை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இவ்வளவு தூரம் படித்தவர்களில் யாராவது இருக்கலாம். மடையைத் திறக்கும் பொத்தான் சின்னத் திரை போனில் கட்டைவிரலுக்கு அடியில் மறைந்துபோகிறது, அதை எங்கே வைக்கலாம் என்று ஒரு தாளில் வரைந்து போட்டோ எடுத்து அனுப்பினாலே போதும், ஆமாம், நான் மேலே சொன்ன அந்தக் கடவுளைத்தான் தேடுகிறேன். பங்குனி வெயிலில் வெடித்த கண்மாய்த் தரைக்கு 32 பிக்சலில் நான்கு டைல் (தரைத் துண்டுப் படம்) வேண்டும், ஒன்றோடு ஒன்று ஒட்ட வேண்டும். ராத்திரியில் தவளைச் சத்தம் வேண்டும், நிஜமான ஊர்த் தவளை, அடுத்த மழைக்குப் போனை வெளியே நீட்டி ஒரு நிமிஷம் பதிந்து தந்தால் போதும், பின்னால் டிவி சீரியல் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.